வாட்ச் பட்டையை நான்தான் அறுத்தேன்

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இது புரியும் என்று நினைத்து எழுதுகிறேன். புதுச்சேரியில் ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறியபோது ஒன்றாம் வகுப்பில் வரிசையாக நின்று மிட்டாய் வாங்கியவர்கள் நாம். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. ஐம்பதைத் தாண்டிய பிறகும் ரேஷன் கடையில் என் பெயரைக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை, பத்து வயதில், யாரும் கேட்காமல் தானாகப் போய் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அந்தப் பயம் இன்னும் வயிற்றில் இருக்கிறது.

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை அப்படித்தானே சொல்வோம். நாள் குறித்த பிறகு அவருக்கு அல்ஜேரியாவிலிருந்து லீவு கிடைக்கவில்லை. அங்கே சண்டை. கல்யாணத்தைத் தள்ளிப்போட அவருடைய அம்மா சம்மதிக்கவில்லை. அதனால் கடற்கரையில் இருக்கும் மேரி என்கிற நகராட்சிக் கட்டடத்தில் மாப்பிள்ளை இல்லாமலே பதிவுக் கல்யாணம் நடந்தது. அவருக்குப் பதிலாக அவருடைய தாய்மாமன் நின்றார். காதில் மயிர் முளைத்த, ஓயாமல் இருமுகிற மனிதர். அதிகாரி பிரெஞ்சில் ஏதோ கேட்டார். தாய்மாமன் இருமி முடித்து, "வீ" என்றார். ஆமாம் என்று அர்த்தமாம். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவை அந்தக் கிழவருக்கே கட்டிவைத்துவிட்டார்கள் என்று நினைத்து நான் ஓவென்று அழுதேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

தாலி கட்டவில்லை. அதை மாப்பிள்ளைதான் வந்து கட்ட வேண்டும் என்றார்கள். அதற்குப் பதில் அவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, லீவு கிடைத்து ஊருக்கு வந்த சிநேகிதரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மேரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும், நாங்கள் அத்தை என்று கூப்பிட்ட மாப்பிள்ளையின் அம்மா, மஞ்சளும் குங்குமமும் வைத்த தட்டிலிருந்து அதை எடுத்து அக்காவின் இடது கையில் கட்டினார்.

"எம் புள்ள வந்து கட்டற வரைக்கும் உனக்கு இதான் தாலி. குளிக்கறப்பகூட கழட்டாத."

அக்கா தலையை ஆட்டினாள். எனக்கு அந்த வார்த்தை அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

வாட்ச்சின் பட்டை நைலான். ராணுவப் பச்சை. நைலான் புடவை என்று கேள்விப்பட்டிருந்தோம், நைலானில் பட்டை செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒட்டில்லாத ஒரே நீளம். வாட்ச்சுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வரும். ஒரு முனையில் பக்கிள், மறுமுனையில் வரிசையாக ஓட்டைகள். கொண்டுவந்த சிநேகிதர் அதை இரண்டு கையாலும் இழுத்துக் காட்டினார்.

"மாட்டக் கட்டலாம் தாயி இத வச்சு. அறாது, நனையாது, இத்துப்போகாது."

நெருப்பில் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கப்பலில் வரும்போது அவர் தினமும் சாவி கொடுத்திருக்கிறார், முள்ளை மட்டும் திருப்பவில்லை. அதனால் நமக்கு மத்தியானம் பன்னிரண்டு என்றால் அதில் ஏழரை. அத்தை அதைத் திருப்பவிடவில்லை. அவருக்கு மணி பார்க்கத் தெரியாது. அடுப்படியிலிருந்தே அக்காவைக் கேட்பார்.

"அங்க இப்ப இன்னா மணி?"

"ஆறு அத்தை."

"எழுந்திருச்சிருப்பான்."

சாயங்காலமானால் மறுபடியும். "ஒன்றரை அத்தை." "சாப்புட்டிருப்பான். இன்னாத்த சாப்புட்டானோ."

அக்காவுக்குத் துணையாக என்னையும் அந்த வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முதலியார்பேட்டையில் எங்கள் ஓட்டு வீடு எப்போதும் சத்தமாக இருக்கும். மில் சங்கு ஊதினால் அலமாரித் தட்டில் டம்ளர் ஆடும். அத்தை வீடு டவுனுக்குள். உயரமான கதவு, சுண்ணாம்புச் சுவர், கூடத்தில் யூனிபார்ம் போட்ட மாமனார் படம். அவர் எப்போதோ இந்தோசீனாச் சண்டையில் போய்விட்டவர். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அத்தை காய் நறுக்குவார். அவர் என்னைத் திட்டியதே இல்லை. திட்டுகிறவர்கள் எந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று தெரியும். திட்டாதவரைப் பார்த்தால் எனக்கு அதிக பயம்.

அக்காவின் கை முருங்கைக்காய் மாதிரி இருக்கும். கடைசி ஓட்டையில் மாட்டினாலும் வாட்ச் முழங்கை வரை ஓடிவிட்டுத் திரும்பி வரும். அம்மிக்கல்லில் இடிக்கும், பால் பாத்திரத்தில் இடிக்கும். ஒரு நாள் காலை கிணற்றில் தண்ணீர் இழுக்கும்போது, கயிறு மாற்றிப் பிடித்த நேரம், வாட்ச் வழுக்கி விரல்களுக்கு வந்துவிட்டது. அக்கா கயிற்றை விட்டுவிட்டு வாட்ச்சைப் பிடித்தாள். வாளி கீழே போய் விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. இரண்டு பேரும் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்காவின் உதடு வெளுத்திருந்தது.

"விழுந்திருந்தா?" என்று கேட்டேன்.

"வாய மூடு."

அந்த வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அத்தையும் அக்காவும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். கூட்டத்தில் கழன்று விழுந்துவிடும் என்று பயந்து, அக்கா அத்தைக்குத் தெரியாமல் வாட்ச்சைக் கழற்றி என் தலையணைக்கு அடியில் வைத்தாள். "தொடாத" என்றாள். புடவைத் தலைப்பை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டு போனாள்.

அரைமணி நேரம் தொடாமல்தான் இருந்தேன். பிறகு எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் பயத்தில் விட்டிருப்பேன்.

கோணி ஊசியை அடுப்புக் கங்கில் காயவைத்து, கடைசி ஓட்டைக்கு இரண்டு விரல் உள்ளே தள்ளி ஒரு ஓட்டை போட்டேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஓரம் கெட்டியாக, அழகாக இருந்தது. எனக்கு ஒரே பெருமை. என் கையில் மாட்டிப் பார்த்தேன், அக்காவுக்குச் சரியாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் மிச்சமிருந்த வால் நீளமாகத் தொங்கியது. அது கிணற்றுக் கயிற்றில் மாட்டினால்? கத்தரிக்கோலை எடுத்து அறுத்தேன். மாட்டைக் கட்டும் பட்டை ஒரே நறுக்கில் போய்விட்டது.

அறுத்த இடத்தில் இழை இழையாகப் பிரிய ஆரம்பித்தது. எச்சில் தொட்டு முறுக்கினேன், நிற்கவில்லை. சோற்றுப் பருக்கையை வைத்துத் தேய்த்தேன், பருக்கைதான் உதிர்ந்தது. விரலால் தொடத் தொட இன்னும் பிரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் ஞாபகம் வந்தது. விளக்குத் திரி பிசிர் பிசிராக இருந்தால் அம்மா நுனியை ஒரு தடவை சுடரில் காட்டி எடுப்பாள், பிசிர் கருகித் திரி ஒழுங்காகிவிடும். சாமி மாடத்து விளக்கில் பட்டையின் நுனியைக் காட்டினேன்.

பஞ்சு மாதிரி அது கருகவில்லை. சுருங்கி, உருகி, கறுப்பாகச் சொட்டியது. சொட்டு எரிந்துகொண்டே தரையில் விழுந்தது. பட்டையிலும் நெருப்பு ஏறியது. ஊதினேன், அணையவில்லை. கட்டைவிரலால் அழுத்தினேன். அது தோலில் ஒட்டிக்கொண்டது. கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று வாயில் பாவாடையைத் திணித்துக்கொண்டேன். நெருப்பு அணைந்தபோது நான் போட்ட அழகான ஓட்டை காணாமல் போயிருந்தது. நுனியில் கறுப்பு மிளகு மாதிரி ஒரு முடிச்சு.

இதான் தாலி என்று அத்தை சொன்னது அப்போதுதான் முழுசாக எனக்குள் இறங்கியது. தாலியை அறுத்துவிட்டேன். அறுத்தது போதாது என்று கொளுத்தியும் விட்டேன். வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தேன். ஓடியது. எங்கேயோ ஒரு மனிதரின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பதுபோல் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

வீடெல்லாம் ஒரு நாற்றம். துணி எரிந்த நாற்றம் இல்லை, மயிர் எரிந்த நாற்றம் இல்லை. நமக்கெல்லாம் இப்போது பிளாஸ்டிக் எரியும் நாற்றம் பழகிவிட்டது, அன்றைக்கு அது பூமியில் இல்லாத நாற்றம். அத்தை வாசற்படி ஏறும்போதே நின்றுவிட்டார்.

"இன்னா நாத்தம் இது?"

பிறகு அக்காவிடம் மெதுவாக, "நாம இல்லாதப்ப எவளோ எதையோ எரிச்சி வச்சிருக்கா" என்றார். எதிர்வீட்டுக்காரியோடு அவருக்குச் சாக்கடைத் தகராறு இருந்தது. அன்று சாயங்காலம் வீடு முழுவதும் சாம்பிராணி போட்டு, மூலைக்கு மூலை மஞ்சள் தண்ணீர் தெளித்தார். எதிர்வீட்டைப் பார்த்து ஏழு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் போர்வைக்குள் இருந்தேன்.

அக்கா பார்த்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். என் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்து, தேங்காய் எண்ணெய் தடவினாள். பிறகு மறுபடியும் ஊசியைக் காய்ச்சி, இருக்கிற நீளத்தில் அவளே ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டாள். இறுக்கமாக இருந்தது. மணிக்கட்டில் தடம் விழுந்தது.

"யாருகிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட."

அப்புறம் கடிதம் நின்றது. பதினைந்து நாளுக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. மூன்று வாரம் ஆயிற்று, ஐந்து வாரம் ஆயிற்று. தபால்காரர் எங்கள் வாசலில் வேகத்தைக் குறைக்காமலே போனார். அத்தை மணி கேட்பது அதிகமாயிற்று. காலையில் நாலு தடவை, மத்தியானம் நாலு தடவை. அங்கே தூங்குகிற நேரத்தில்கூட கேட்டார். ஒவ்வொரு தடவை அக்கா பதில் சொல்லும்போதும் நான் அவள் மணிக்கட்டைப் பார்க்காமல் தரையைப் பார்ப்பேன்.

ஒரு நாள் காலை அக்கா பதில் சொல்ல நேரமானது. அத்தை தானே வந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பினார். விரல் அந்தக் கறுப்பு முடிச்சில் பட்டது.

"இது இன்னா?"

அக்கா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"யாரு அறுத்தது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் பெயரை நானே சொன்னால் போதும். வரவில்லை.

"நான்தான் அத்தை. பெருசா இருந்துச்சு" என்றாள் அக்கா.

அத்தை கத்தவில்லை. பக்கிளைக் கழற்றினார். அக்கா கையிலிருந்து வாட்ச்சை உருவி எடுத்தபோது அது எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டாம், நம் பெண்களுக்குத் தெரியும். "உங்க வூட்டுக்குப் போ. எம் புள்ள சேதி தெரியற வரைக்கும் இந்தப் படி ஏறாத" என்றார். அவ்வளவுதான்.

முதலியார்பேட்டையில் எல்லோரும் அக்காவைத்தான் ஏசினார்கள். "பெருசா இருந்தா ஒரு நூலச் சுத்திக் கட்டத் தெரியாதா? படிச்சவதானே நீ?" என்று அம்மா அழுதாள். மில்லிலிருந்து வந்த அப்பா சாப்பிடாமல் படுத்தார். தண்ணீர்க் குழாயில், "கட்டறதுக்கு முன்னாடியே அறுத்துட்டாளாமே" என்று ஒரு பெண் சொன்னாள். அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். அக்காவை மறுபடி சேர்த்துக்கொள்வார்களா மாட்டார்களா என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருடைய கவலையும். எனக்கு அதற்கு மேல் ஒரு கவலை. சைக்கிள் மணி கேட்டால் தந்திக்காரர்தான் என்று கொல்லைக்கு ஓடுவேன். மாப்பிள்ளை செத்திருந்தால் கொன்றது நான்.

இரவில் அக்காவின் இடது கை என் பக்கமாகக் கிடக்கும். பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. மூன்றாவது வாரம், அந்த வெளுப்பும் மறைந்துகொண்டு வருவதைப் பார்த்தேன். ஏனோ அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் டவுன் பக்கம் நடந்தேன். தனியாக நான் ரயில்வே கேட்டைத் தாண்டியதே இல்லை. அத்தை வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடிவிடலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

"அத்தை, அத அறுத்தது நானு" என்றேன். எச்சில் விழுங்காமல் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தேன்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கக்கா சொல்லி அனுப்பிச்சாளா?"

"இல்ல."

"உங்கம்மாவா? இன்னா சாமர்த்தியம். சின்னப் புள்ளய வுட்டா நான் மனசு எறங்கிடுவேன்னு பாக்கறாங்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், விரட்டுவார் என்று நினைத்தேன். நம்பமாட்டார் என்று நினைக்கவே இல்லை.

"நெசமா நான்தான் அத்தை. ஊசி காய வச்சி ஓட்ட போட்டேன். அப்புறம் வெளக்குல காட்டனேன்."

"அப்படியா? அப்ப செஞ்சி காட்டு."

மாமனார் படத்துக்குக் கீழே என்னை உட்காரவைத்தார். பெட்டியிலிருந்து வாட்ச், அடுப்படியிலிருந்து கத்தரிக்கோல், மாடத்திலிருந்து விளக்கு, மூன்றையும் என் முன்னால் வைத்தார். எனக்குக் கை ஓடவில்லை. ஒரு தடவை அறுத்ததற்கே இப்படி. இரண்டாம் தடவை அறுத்தால் மாப்பிள்ளைக்கு என்ன ஆகும்?

"வேணாம் அத்தை. மறுபடி அறுத்தா அவருக்கு எதுனா ஆயிடும்."

"பொய்யின்னா எழுந்து போ."

எழுந்து போனால் அக்காவின் கல்யாணம் போய்விடும். அறுத்தால் மாப்பிள்ளை போய்விடுவார். பத்து வயதுக்கு அது பெரிய கணக்கு. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கறுப்பு முடிச்சுக்கு மேலே கத்தரிக்கோலை வைத்தேன். நறுக்கென்றது. இழை பிரிந்தது. இந்தத் தடவை சுடரை முழுசாகத் தொடவிடாமல், ஓரத்தில் காட்டினேன். சுருங்கி, உருகி, சின்ன கறுப்பு முடிச்சு திரண்டது. எச்சில் தொட்ட கட்டைவிரலால் அழுத்தினேன். விரலில் பழைய தழும்பு முடிச்சுக்கு மேல் சரியாக உட்கார்ந்தது.

ஆனால் அத்தை அதைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மோந்துகொண்டிருந்தார்.

"இந்த நாத்தம்..." என்றார். பிறகு, "அன்னிக்கு அவ என்கூடத்தான் கோயில்ல இருந்தா" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, அக்காமேல் தப்பில்லை என்று தெரிந்துவிட்டது, இனி என்னை அடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அத்தையின் முகம் கோபப்படவில்லை. அது ஏதோ பிடியை விட்ட முகம் மாதிரி ஆயிற்று.

"அப்படின்னா ஏன் லெட்டர் வரல?" என்று கேட்டார்.

என்னிடம்தான் கேட்டார். எனக்குத் தெரியும் என்பதுபோல் கேட்டார். "விளையாட்டுப் புள்ள வாரு அறுத்துட்டா சண்டையில இருக்கறவனுக்கு இன்னா ஆவும்? ஒண்ணும் ஆவாது. அப்ப வேற எதுனா ஆயிருக்கு. இவரு போனப்பவும் இப்படித்தான். மொதல்ல லெட்டர் நின்னுது." படத்தைப் பார்த்து அதைச் சொன்னார்.

அக்காவின் தப்பு என்று இருந்தவரை அவருக்கு ஒரு காரணம் இருந்தது. நான் போய் அதைப் பிடுங்கிவிட்டேன். இது இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு பெரிய மனுஷி என் எதிரில் தரையில் உட்கார்ந்து, விளக்கை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும்தான்.

உங்களை இந்தப் பயத்தில் உட்காரவைக்க எனக்கு மனசில்லை. கடிதம் அதற்கப்புறம் இரண்டு வாரம் கழித்து வந்தது. டைபாய்டில் கிடந்தாராம், கை நடுக்கத்தில் கோணல் மாணலாக எழுதியிருந்தார். அடுத்த வருஷம் லீவில் வந்து தாலி கட்டினார். ஆனால் அன்று எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது.

இருட்டுவதற்குள் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு புஷ் வண்டியில் ஏறினார். ஆள் பின்னாலிருந்து தள்ளுவார், உட்கார்ந்திருப்பவர்தான் முன்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? அத்தையின் கை நடுங்கியதில் வண்டி கோணலாகப் போனது. "நேரா புடிங்கம்மா, சாக்கடையில எறக்கிடுவீங்க போல" என்று தள்ளுகிறவர் கத்தினார்.

எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். என்னைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஓடிவந்து முதலில் என் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "உள்ள வாங்க சம்பந்தியம்மா" என்றார்.

அத்தை இறங்கவில்லை. அக்காவைப் பார்த்து, "வாம்மா. வீட்டுக்குப் போவலாம்" என்றார்.

அக்கா அசையவில்லை. அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை குரலைத் தாழ்த்தினார். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"தனியா இருக்க எனக்குப் பயமா இருக்குதும்மா."

அக்கா என்னைப் பார்த்தாள். என் கட்டைவிரல் புதிதாகக் கன்றியிருப்பதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், முகம் கழுவி, ஒரு பையோடு வந்தாள். "இதுவும் வரட்டும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். மூன்று பேருக்கு வண்டியில் இடமில்லை. கம்பியை அக்கா பிடித்துக்கொண்டாள். அத்தை என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நான் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். வண்டி நகர்ந்தது. என் முதுகில் ஏதோ தட்டிக்கொண்டே வந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் அது அத்தையின் நெஞ்சு அடித்துக்கொள்வது என்று தெரிந்தது. அதுவரைக்கும், அப்படி அடித்துக்கொள்ளும் நெஞ்சு எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.